லூசர்ன்ல அரை மணி நேரம்

தொப்பியப் பாத்ததுமே நெனச்சேன், குரூப் டூர்தான்னு. கழுத்துல அட்டை வேற தொங்குது. யூரோப்பா? எத்தன நாளு, பன்னெண்டா? சரிதான். இங்கன உக்காருங்க, இந்த பெஞ்சுதான் நிழல்ல இருக்கு. நான் பிளேன் ஏற வந்தவன் இல்ல. என் வீட்டுக்காரிய அனுப்பி வைக்க வந்தேன். அவ ஏழு மணிக்கே உள்ள போயிட்டா. பிளேனு ஒம்பதே முக்காலுக்குப் போயிட்டு. எனக்குத் தென்காசி ரயிலு சாயங்காலம்தான். அதான் வெயிலுக்கு ஒதுங்கி உக்காந்திருக்கேன்.

ஒண்ணு சொல்லுதேன், தப்பா எடுத்துக்கிடாதீங்க. நீங்க கெளம்பியாச்சு, இனி ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா குரூப் டூர்ல மட்டும் மனுசன் போகக் கூடாது. போனா குடும்பம் ரெண்டாப் போயிரும். சிரிக்கியளா? சிரிங்க. போன வருஷம் நானும் இதே இடத்துல தொப்பிய மாட்டிக்கிட்டு சிரிச்சுக்கிட்டுதான் நின்னேன். எங்க தொப்பி பச்சை.

எம் பேரு தில்லைநாயகம். தென்காசி பஸ் ஸ்டாண்டுல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனவன். டைம் கீப்பர்னா தெரியும்லா? எந்த வண்டி எத்தன மணிக்கு வந்துச்சு, எத்தன மணிக்குக் கெளம்பணும், எல்லாம் நாந்தான். முப்பத்தி நாலு வருஷம். நான் விசில் ஊதினா வண்டி நகரணும். கண்டக்டர் கையில காப்பி கிளாஸ் இருந்தாலும் கீழ வச்சிட்டு ஏறணும். ஒரு தடவ எம் மச்சினனே மதுரை வண்டியப் புடிக்க ஓடி வாரான், கையக் காட்டுதான், நான் ஊதிட்டேன். ஒரு வருஷம் என்கூடப் பேசல. பேசாட்டிப் போறான். அவனுக்காக வண்டிய நிறுத்தினா உள்ள இருக்க அம்பது பேரு என்ன நெனப்பான்?

அத விடுங்க. டூருக்கு வாரேன்.

காலையில ஆறு மணிக்குப் பெட்டிய ரூம் வாசல்ல வைக்கணும். ஆறரைக்கு டிபன். ஏழேகாலுக்கு பஸ்ஸு. இது எனக்குக் கஷ்டமில்ல, நான் நாலு மணிக்கே முழிக்கிற ஆளு. ஆனா எதுக்கு இந்த ஓட்டம்னு கேக்கேன். பாரீஸ்ல அந்த இரும்புக் கோபுரத்தக் காட்டினாவ. இறங்கு, தள்ளி நில்லு, சிரி, ஏறு. பன்னெண்டு நிமிஷம். எங்க ஊரு கோயில் கோபுரத்த ஒரு தடவ அண்ணாந்து பாத்துக் கும்பிடவே அதுக்கு மேல ஆகும். பிரஸ்ஸல்ஸ்னு ஒரு ஊரு. அங்கன ஒரு பய ஒண்ணுக்குப் போற மாதிரி செலை வச்சிருக்கான். அதப் பாக்க இருவது நிமிஷம். நாங்க ஒண்ணுக்குப் போகணும்னா மட்டும் நேரமில்ல.

சாப்பாடு இருக்கே, ‘நம்ம ஊரு சாப்பாடு’ன்னு நோட்டீஸ்ல கொட்டை எழுத்துல போட்டிருந்தான். எந்த ஊருன்னு போடல. பன்னீரு, பருப்பு. மறுநாளு பருப்பு, பன்னீரு. ஒரு வாய் ரசத்துக்கு நாக்கு செத்துப் போச்சு. என் வீட்டுக்காரி வடிவு, பருப்புப்பொடி இடிச்சுக் கொண்டுவந்திருந்தா. சுத்தி இருந்தவங்க கேட்டுக் கேட்டு நாலாவது நாளே டப்பாவக் காலி பண்ணிட்டாவ. அவளும் போட்டுக்கிட்டே இருக்கா. கேட்டா எடுத்து நீட்டுறதுதான் அவ கொணம். அவளுக்குன்னு எதையும் ஒதுக்கி வைக்கத் தெரியாது.

சரி, ஏன் போனீருன்னு கேப்பிய. எனக்கென்ன அந்தக் குளிர்ல போய் நிக்கணும்னு ஆசையா? எல்லாம் எங்க சங்கரியால. எங்களுக்கு ஒத்தப் பிள்ள. இஞ்சினியரிங் படிச்சா, கம்பெனிக்காரன் சுவிஸ்ல கொண்டுபோய் வேலையில வச்சான். போன எடத்துல ஒருத்தனக் கல்யாணம் முடிச்சுக்கிட்டா. கேக்கலங்க, சொல்லலங்க. கையெழுத்துப் போட்டுட்டு போன் பண்ணுதா, ‘அப்பா, எனக்கு இன்னைக்குக் கல்யாணம் ஆயிட்டு’ன்னு. பையன் யாழ்ப்பாணத்துக்காரன். பேரு ஜெயரூபன். சண்டைக் காலத்துல சின்னப்பிள்ளையா அங்க போய்ச் சேந்தவனாம். யாரு, எவரு, என்ன ஆளுக, யாருகிட்டப் போய் விசாரிக்க? வேலை என்னன்னு கேக்கியளா? வயசானவங்கள வச்சுப் பாக்கிற எடத்துல நர்ஸு. குளிப்பாட்டி விடுதது, சோறு ஊட்டுதது. ஆம்பள செய்யிற சோலியா அது?

ஏழு வருஷம் நான் அவகிட்டப் பேசல. மொதல் ரெண்டு வருஷம் அவ போன் பண்ணிக்கிட்டுதான் இருந்தா. ஞாயித்துக்கெழம தவறாம வரும். நான் எடுக்கல. அப்புறம் அவளே நிறுத்திட்டா. பாத்துக்கிடுங்க, யாருக்குப் புடிவாதம்னு! அம்மாகிட்ட மட்டும் பேசுவா. ஒரு பொம்பளப்பிள்ள பொறந்தது. எங்க அம்மை பேரு செண்பகவல்லி. அந்தப் பேரத்தான் வச்சிருக்காளாம். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டா வச்சா? இல்ல.

ஒரு நாளு வடிவு இந்த டூர் நோட்டீஸக் கொண்டாந்து எம் முன்னால வச்சா. கல்யாணம் ஆகி நாப்பத்தொரு வருஷத்துல ‘எனக்கு இது வேணும்’னு அவ வாயத் தெறந்ததில்ல. ஒம்பதாவது நாளுக்குக் கீழ பேனாவால கோடு இழுத்திருந்தா. லூசர்ன்னு ஒரு ஊரு. பதினொன்னரையில இருந்து ஒரு மணி வரைக்கும்.

“அவ இருக்க ஊரா?”ன்னேன்.

“ரயில்ல ஒரு மணி நேரமாம். பிள்ளையக் கூட்டிக்கிட்டு அங்கன வந்துருதேங்கா. அந்தப் பிள்ளைக்கு அஞ்சு வயசு முடியப் போகுது. நான் இன்னும் தூக்கினதில்ல”ன்னா.

வேற எவனா இருந்தாலும் முடியாதுன்னு முகத்துக்கு நேர சொல்லியிருப்பான். நான் சொல்லல. “நீ போய்ப் பாத்துட்டு வா. நான் பஸ்ஸுலயே இருந்துக்கிடுதேன். என்னய யாரும் கூப்பிடக் கூடாது. சொன்ன நேரத்துக்கு வந்துரணும்”ன்னேன். ஒரு தகப்பன் இதுக்கு மேல என்ன விட்டுக் குடுப்பான், சொல்லுங்க?

சரின்னுட்டா. அன்னையில இருந்து வீட்டுல ஒரே கொண்டாட்டந்தான். முறுக்குச் சுட்டா, கருப்பட்டி வாங்கினா, பிள்ளைக்கு வெள்ளியில கொலுசு. எனக்கு ஒரு குல்லா வாங்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தேன், மறந்துட்டா.

இப்ப டூர் மேனேஜரப் பத்திச் சொல்லணும். ஜெயசிங்குன்னு பேரு, நாகர்கோயில்காரரு, நாப்பது நாப்பத்தஞ்சு வயசிருக்கும். நல்ல மனுசன்தான். ஆனா ஆளுகள மேய்க்கத் தெரியல. நாங்க மொத்தம் நாப்பத்தொரு பேரு. பாரீஸ்ல ரெண்டாவது நாளே, பத்தரைக்கு வாங்கன்னா ஒருத்தன் பத்தே முக்காலுக்கு வாரான், இன்னொருத்தன் பதினொண்ணுக்கு வாரான், பையத் தொறந்து வாங்கின சாமானக் காட்டுதான். கடைசியில ஆத்துல படகுல போறது தவறிப் போச்சு. எல்லாரும் அந்த ஜெயசிங்கப் புடிச்சு ஏசுதாவ. எனக்குப் பொறுக்கல. எந்திரிச்சேன். “அந்த லிஸ்ட்ட இங்க குடுங்க சார்”ன்னேன். நான் என்ன வேலை பாத்தவன்னு சொன்னேன். பையில இருந்து விசில எடுத்துக் காட்டினேன். ஆமா, கொண்டுதான் போயிருந்தேன். அது இல்லாம நான் எங்கயும் போறதில்ல.

பஸ்ஸே கைதட்டிச்சு. ரூலும் நாந்தான் போட்டேன். சொன்ன நேரம், அதுக்கு மேல அஞ்சு நிமிஷம். அஞ்சு தாண்டினா விசில், வண்டி போயிரும். வராதவங்க டாக்ஸி புடிச்சு அடுத்த எடத்துக்கு வந்து சேரணும். யாரா இருந்தாலும் இதான். பின்னால இருந்து ஒருத்தன், “உங்க வீட்டம்மா லேட்டா வந்தாலுமா சார்?”ன்னு கேட்டான். “எவளா இருந்தாலும்தான்”ன்னேன். மறுபடி கைதட்டு. வடிவு மட்டும் ஜன்னல் பக்கமாத் திரும்பிக்கிட்டா. அன்னைக்கு ரூமுக்கு வந்ததும், “லூசர்ன்லயும் இதானா?”ன்னு கேட்டா. “ஒன்றரை மணி நேரம் இருக்கில்லா, பொறவு என்ன?”ன்னேன்.

அதுக்கப்புறம் பஸ்ஸு எப்படிப் போச்சுங்கிய! ஜெயசிங்கே சொன்னாரு, இருவது டூர்ல இப்படி ஒரு குரூப்பப் பாக்கலன்னு. டிரைவரு போலந்துக்காரன். தமிழும் தெரியாது, இங்கிலீசும் அரைகுறை. ஆனா என் விசில் அவனுக்கு ரெண்டே நாளுல பழகிட்டு. நான் படியில நின்னு ஊதினா கதவு மூடும், வண்டி எடுப்பான். என்னயப் பாத்துக் கையத் தூக்கி சல்யூட்டு வேற வைப்பான். நம்ம டிப்போ டிரைவர் ஒருத்தன் வச்சதில்ல.

ஒரே ஒரு ஆளுதான் லேட்டு. கோயில்பட்டியில இருந்து ஒரு டீச்சரம்மா வந்திருந்தாவ, லில்லி புஷ்பம்னு. தனியா வந்தவங்க, முழங்கால் வலி உண்டு. ஹாலந்துல பூந்தோட்டத்துல, பாத்ரூம் வரிசை நீளமாம், ஒம்பது நிமிஷம் லேட்டு. நான் அஞ்சுல ஊதிட்டேன். ஜெயசிங் போன்ல டாக்ஸி புடிச்சுக் குடுத்து, ஒரு மணி நேரம் கழிச்சு சாப்பிடுற எடத்துக்கு வந்து சேந்தாவ. பாஷை தெரியாம பயந்துட்டாவ போல, கண்ணெல்லாம் செவந்து கெடந்துச்சு. வடிவு போய்ப் பக்கத்துல உக்காந்துக்கிட்டு அவங்க கையப் புடிச்சுக்கிட்டா. எனக்கு அது புடிக்கல. ரூல் போட்டவன் பொண்டாட்டியே போய்த் தேத்தினா, ரூலுக்கு என்ன மரியாதை?

ஒம்பதாவது நாளு வந்துச்சு. வடிவு காலையில மூணரைக்கே எந்திரிச்சுக் குளிச்சு, அரக்குப் பட்ட எடுத்துக் கட்டிக்கிட்டா. அது மேல ஸ்வெட்டர், அது மேல கோட்டு. “இந்தக் குளிர்ல பட்டு யாருக்குத் தெரியப் போகுது?”ன்னேன். முறுக்குப் பையும் கருப்பட்டியும் மடியில வச்சுக்கிட்டு பஸ்ஸுல ஏறி உக்காந்தா.

லூசர்னுக்கு முந்தி ஒரு சாக்லேட் கடை. நோட்டீஸ்ல அப்படி ஒரு கடையே கெடையாது, பாத்துக்கிடுங்க! அரை மணின்னு சொல்லி இறக்கினாவ. அரை மணி ஆச்சு, நான் விசில எடுத்தேன். ஜெயசிங் ஓடி வந்து கையப் புடிச்சுக்கிட்டாரு. “சார், இங்க மட்டும் ஊதாதீங்க. இது கம்பெனிக்கு வேண்டிய கடை. வாங்குறவங்க வாங்கட்டும்”னாரு. சரி, அவரு வேலை, அவரு பாடு. விசில உள்ள வச்சிட்டேன். வடிவு பஸ்ஸ விட்டு இறங்கவே இல்ல. ஜன்னல் வழியா என்னயக் கூப்பிட்டா. “போகச் சொல்லுங்களேன். அவ பதினோரு மணியில இருந்து பிள்ளைய வச்சுக்கிட்டு நிக்கா. மழை தூறுதாம்”ன்னா. “கம்பெனிக் கடைட்டி, நான் என்ன செய்ய?”ன்னேன். ஒண்ணேகால் மணி நேரம் அங்கயே போச்சு. இதத்தான் சொல்லுதேன். குரூப் டூர்ல உங்க நேரம் உங்க கையில கெடையாது.

லூசர்ன் போய்ச் சேரும்போது பன்னெண்டரை. ரெண்டு மணிக்கு மலையில கம்பி ரயில் ஏறணும், அது தவறினா அன்னைக்குப் பனியே பாக்க முடியாது. ஜெயசிங் மைக்க என்கிட்டக் குடுத்துட்டாரு. “சரியா ஒரு மணி. ஒண்ணு அஞ்சு கடைசி”ன்னேன். ஒன்றரை மணி நேரம் அரை மணி ஆயிட்டு. நானா ஆக்கினேன்? டூர்காரன் ஆக்கினான்.

கதவு தொறந்ததும் மொத ஆளா இறங்கினது வடிவு. அறுபத்தி மூணு வயசு, கால்ல ஆணி உள்ளவ. பையத் தூக்கிக்கிட்டு ஓடினா. நெசமாவே ஓடினா. கல்யாணம் ஆன நாளுல இருந்து அவ ஓடி நான் பாத்ததில்ல. ரோட்டத் தாண்டி, அந்தப் பக்கம் மரத்துல கட்டின பழைய பாலம் ஒண்ணு இருக்கு. அங்கன ஒரு செவப்புக் கொடை நிக்கிறது தெரிஞ்சுது. கொடை கீழ விழுந்துச்சு. அதுக்கு மேல நான் பாக்கல. பஸ்ஸுப் படியில உக்காந்து லிஸ்ட்ட சரி பாத்துக்கிட்டு இருந்தேன்.

ஒரு மணிக்கு நாப்பது பேரு வந்தாச்சு. ஒண்ணு மூணு. ஒண்ணு நாலு. பஸ்ஸுக்குள்ள எல்லாக் கண்ணும் எம் முதுகுல இருக்கு. ஜெயசிங் பக்கத்துல வந்து, “சார், ஒரு பத்து நிமிஷம் பாப்போம். ரயில நான் பேசிக்கிடுதேன்”னாரு. அப்ப அந்த லில்லி டீச்சரம்மா சீட்டுல இருந்து எந்திரிச்சு வந்தாவ. முழங்காலப் புடிச்சுக்கிட்டு முன்னால வரைக்கும் வந்தாவ. “சார், அவங்க பிள்ளையப் பாக்கப் போயிருக்காங்க சார். பேத்திய மொத மொதலா பாக்காங்க. நில்லுங்க சார். நாங்க யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம்”னாவ. கை கூப்பினாவ.

என்ன குசும்பு, பாருங்க! எனக்குத் தெரியாதா? அன்னைக்கு ஒம்பது நிமிஷத்துக்கு விட்டுட்டுப் போனேம்லா, அதக் குத்திக் காட்டுதாவ. இப்ப நான் நின்னா என்ன ஆகும்? ஊரானுக்கு ஒரு ரூல், தம் பொண்டாட்டிக்கு ஒரு ரூல்னு இந்த நாப்பது பேரும் ஊருக்குப் போய்ச் சொல்லிச் சிரிப்பான். முப்பத்தி நாலு வருஷம் நான் கட்டிக் காப்பாத்தின பேரு அது.

ஒண்ணு ஆறு. அவங்க வந்துட்டாவ. ஆமா, பாத்தேன். எதுத்த பக்கம் சிக்னல்ல நிக்காவ. வடிவு அந்தப் பிள்ளைய இடுப்புல வச்சிருக்கா. அஞ்சு வயசுப் பிள்ள, காலு ரெண்டும் இவ முழங்கால் வரைக்கும் தொங்குது, கொலுசு போட்டாச்சு. பக்கத்துல சங்கரி. ஆளு மெலிஞ்சு போயிருந்தா. ரெண்டு பேருக்கும் சேத்துக் கொடையப் புடிச்சுக்கிட்டு, தான் நனைஞ்சுக்கிட்டு நிக்கா. நடக்கிறவங்களுக்கு செவப்பு வெளக்கு. நம்ம ஊருன்னா கையக் காட்டிட்டுக் குறுக்க வந்துருவாவ. அந்த ஊருல வண்டியே இல்லாட்டியும் வெளக்கு மாறாம ஒருத்தன் கால எடுத்து வைக்க மாட்டான். அந்த வெளக்கு மாற இன்னும் எத்தன செகண்டு இருந்திருக்கும்? பத்தா? இருவதா? எனக்குத் தெரியல. எட்டு மாசமா நானும் கணக்குப் போட்டுப் பாக்கேன், தெரியல.

நான் ஊதினேன்.

ஊதினது நாந்தான், மறுக்கல. ஆனா வண்டிய எடுத்தது யாரு? அந்தப் போலந்துக்காரன் எடுத்தான். ஒரு ஆளு ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கா, பட்டுச் சேலை கட்டின பொம்பள, தினம் அவன் பஸ்ஸுல வாரவ, கண்ணு தெரியாதா அவனுக்கு? ஜெயசிங், “ஸ்டாப், ஸ்டாப்”னு கத்துதாரு. அது ஒத்தவழி ரோடு, பின்னால வேற பஸ்ஸு. நிறுத்த முடியல. வண்டி திரும்பி நேரா அந்த சிக்னல் முன்னாலதான் போச்சு. எனக்கும் அவங்களுக்கும் நடுவுல கண்ணாடி மட்டும்தான். வடிவு என்னயப் பாத்தா. சங்கரி என்னயப் பாத்தா, ஏழு வருஷம் கழிச்சு. அந்தப் பிள்ள டாட்டா காட்டிச்சு. பஸ்ஸப் பாத்தா டாட்டா காட்டும்லா பிள்ளைக, அப்படி. நான் லிஸ்ட்டக் கையில வச்சிருந்தேன். குனிஞ்சு அதப் பாத்துக்கிட்டேன். நாப்பதுன்னு எழுதணும்லா?

பொறவு மலைக்குப் போனோம். ரயில் வர இன்னும் இருவது நிமிஷம் இருந்துச்சு, அங்கன போய்ச் சும்மா நின்னோம். பனியில எல்லாரும் உருண்டு பொரண்டு விளையாடுதாவ. என்கூட ஒருத்தரும் பேசல. இன்னா, போட்டோ பாக்கியளா? நானே எடுத்தது. எடுத்துத் தாங்கன்னு கேட்டா ஆளாளுக்கு அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதான். பாதி மூஞ்சிதான் விழுந்திருக்கு. கைதட்டினவங்கதான இத்தன பேரும்? ரூல் போடும்போது கைதட்டத் தெரியுது, அத நடத்திக் காட்டினா மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிடுதான். இதான் குரூப்பு.

டாக்ஸியில வந்துருவான்னு பாத்தேன். சாயங்காலம் ஓட்டல் வாசல்லயே நின்னேன். வரல. ஜெயசிங் வந்து, “அம்மா போன் பண்ணினாங்க. மக வீட்டுக்குப் போயிட்டாங்களாம். ஊருக்குத் திரும்புற அன்னைக்கு நேரா ஏர்போர்ட்டுக்கு வந்துருவாங்களாம்”னாரு. “என்கிட்டப் பேசணும்னு சொன்னாளா?”ன்னு கேட்டேன். அவரு கையில இருந்த குரூப் கொடிய மடக்கி மடக்கிச் சுத்திக்கிட்டே, “சாப்பிட வாங்க சார்”னாரு.

அந்த மூணு நாளும் நான் விசில் ஊதல. ஊதச் சொல்லியும் யாரும் கேக்கல. எல்லாரும் சரியான நேரத்துக்கு வந்து உக்காந்துக்கிட்டாவ.

ஏர்போர்ட்ல எங்களுக்கு முந்தியே வடிவு வந்திருந்தா. பிள்ள மடியில தூங்குது. சங்கரி தூண் பக்கமா நின்னுக்கிட்டா, கிட்ட வரல. அந்தப் பையன் வந்தான். ஜெயரூபன். நேரா எங்கிட்ட வந்து பெட்டிய வாங்கித் தள்ளுவண்டியில வச்சான். “மாமா, சுகமா இருக்கிறீங்களோ?”ன்னான். குனிஞ்சு எங் கால் பக்கம் பாத்தான். செருப்பு வாரு அறுந்து, ஊக்கு குத்தி வச்சிருந்தேன். “இதோட நடக்காதீங்கோ, விழுந்துடுவீங்கள்”னு சொல்லிட்டு, அங்கனயே மண்டி போட்டு அவன் பையில இருந்து பிளாஸ்திரி எடுத்துச் சுத்தி விட்டான். அத்தன பேரு முன்னால. உள்ளதச் சொல்லுதேன். ஒரு வார்த்த பேசியிருப்பேன். பேசணும்னுதான் வாயத் தெறந்தேன். அதுக்குள்ள, “குரூப் எல்லாரும் வரிசைக்கு வாங்க”ன்னு கூப்பிட்டுட்டாவ. வரிசைன்னு வந்தா நான் முன்னால நின்னு பழகினவன். போயிட்டேன். திரும்பிப் பாத்தா அவங்க மூணு பேரும் கெளம்பிட்டாவ. தனியா வந்திருந்தா நின்னு பேசியிருப்பேன்லா? குரூப்புல வந்தா இதான் கதி.

வீட்டுக்கு வந்து எட்டு மாசம். வடிவு சண்டை போடல. ஒரு சொல்லு கேக்கல. சோறு வைக்கா, துணி துவைக்கா, மாத்திரை எடுத்துத் தாரா. “எதுக்கு ஊதினீங்க?”ன்னு ஒரு தடவ கேட்டிருந்தா நான் எடுத்துச் சொல்லியிருப்பேன். கேக்கவே இல்ல. கத்தியிருந்தா எனக்கு நல்லா இருந்திருக்கும். இப்ப சங்கரி டிக்கெட் அனுப்பினா, அம்மாவுக்கு மட்டும். ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் போடுதேன்னு அவ சொன்னாளாம். இவதான் ஒண்ணு போதும்னுட்டா. மூணு மாசம் விசா. அதுக்கு மேலயும் இருக்கலாமான்னு அந்தப் பையன் விசாரிக்கானாம்.

காலையில இன்னா, இந்த வாசல்லதான் நின்னோம். பெட்டிய நாந்தான் தள்ளிக்கிட்டு வந்தேன். “எப்ப வருவ?”ன்னு கேட்டேன். “நீங்க காத்துக்கிட்டு நிக்க வேண்டாம்”ன்னா. கோவமா சொல்லல. சமையக்கட்டுல நின்னுக்கிட்டு, பால்காரன் இன்னைக்கு வரமாட்டான்னு சொல்லுவாளே, அப்படிச் சொன்னா.

அப்ப போன் வந்துச்சு, மூஞ்சியப் பாத்துப் பேசுற போன். அந்தப் பிள்ள. அங்கன இன்னும் விடியக்கூட இல்ல, தூங்காம முழிச்சுக் கெடக்கு. அம்மம்மா பிளேன் ஏறிட்டாளான்னு கேக்குது. நான் பின்னால நிக்கிறத அதுல பாத்துட்டு போல. “அம்மப்பாவும் வாறாரோ?”ன்னு கேட்டுச்சு. இவ இல்லன்னா. “ஏன், அவருக்கு பஸ்ஸால இறங்கத் தெரியாதோ?”ன்னுது. அது என்னய பஸ்ஸுக்குள்ளதான பாத்திருக்கு? பிள்ளைக்கு அவ்வளவுதான் தெரியும்.

நான் வடிவு மூஞ்சியப் பாத்தேன். ஏதாவது சொல்லுவா, அடுத்த தடவ வருவாருன்னு ஒரு பொய்யாவது சொல்லுவான்னு பாத்தேன். பிள்ளைகிட்ட பொய் சொன்னா என்ன கொறஞ்சு போகும்?

“தெரியாதும்மா”ன்னு சொல்லிட்டு உள்ள போயிட்டா.